பதினைந்தாவது கம்பு

பையிலிருந்து விபூதி வாசம் வந்தது.

பெங்களூரில் ஒரு கோல்ஃப் மைதானம். இரவெல்லாம் பெய்த மழை காலையில்தான் விட்டிருந்தது. அடுத்தவருடைய கான்வாஸ் ஷூவுக்குள் பழைய துணியை அடைத்து மாட்டிக்கொண்டு, என் உயரத்துக்கு முக்கால் உயரம் இருந்த ஒரு பையைத் தோளில் தொங்கவிட்டுக்கொண்டு நான் நின்றேன். போட்டியின் கடைசி நாள். இரண்டு குழிகள் ஆடி முடித்து மூன்றாவதற்கு வந்திருந்தோம். வெயில் எட்டிப் பார்த்ததால், பையின் மேல் போட்டிருந்த மழைமூடியைக் கழற்றச் சொன்னார் என் வீட்டுக்காரர். கழற்றினேன்.

உள்ளே இருந்த மட்டைகளுக்கு நடுவே புது ஆள் ஒருவர் இருந்தார். மற்றதெல்லாம் பளபளவென்று இருக்க, இது மட்டும் துருவேறி, பிடியில் சைக்கிள் டியூப் சுற்றி, இரும்புத் தலையில் மூன்று கோடு விபூதியும் நடுவில் குங்குமமுமாக நின்றது.

"இது எதுக்குங்க? சாமி கும்பிடவா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. கையிலிருந்த துண்டை மெதுவாக மடித்தார்.

"சங்கரி, எண்ணு."

எண்ணினேன். பதினைந்து இருந்தது. இன்னொரு தடவை எண்ணினேன். அப்போதும் பதினைந்துதான்.

கோல்ஃப் தெரியாதவர்களுக்கு ஒரு வரி சொல்லிவிடுகிறேன். ஓர் ஆட்டக்காரர் பையில் பதினான்கு மட்டைகள் வரை வைத்துக்கொள்ளலாம். பதினைந்தாவது இருந்தால், அதைத் தொடாவிட்டாலும் தப்பு தப்புதான். ஆடி முடித்த குழி ஒன்றுக்கு இரண்டு அடி அபராதம். குறைந்த அடியில் முடிப்பவர் ஜெயிக்கிற ஆட்டத்தில் அபராதமாக ஏறும் ஒவ்வோர் அடியும் வயிற்றில் விழுகிற அடி.

அன்று எங்கள் வாழ்க்கையே அந்தப் பைக்குள் இருந்தது. அதைச் சொல்ல வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பெயரைச் சொல்லிவிடுகிறேன்

இந்தத் தொடரில் இதுவரை "இவர்", "வீட்டுக்காரர்" என்றே எழுதி வந்தேன். புதிதாகப் படிக்கிறவருக்கு யார் என்றே தெரியாது என்று பத்திரிகையிலிருந்து அன்பாகக் கண்டித்தார்கள். என் அம்மா உயிரோடு இருந்திருந்தால், புருஷன் பெயரை அச்சில் போட்டதற்கு ஒரு வாரம் பேசியிருக்க மாட்டாள். பரவாயில்லை. கோமதிநாயகம்.

ஆம், அவரேதான். இன்று வண்ணார்பேட்டையில் பஸ்ஸை விட்டு இறங்கினால் டீக்கடைச் சுவரில் கோப்பையோடு சிரிக்கிற அதே மனிதர். வெளிநாட்டுக்குப் போய் ஜெயித்து வந்தபோது திருநெல்வேலி ரயில் நிலையத்தில் நாதஸ்வரத்தோடு வரவேற்கப்பட்டவர். மாலை கனத்தில் கழுத்துப் பிடித்துக்கொள்ள, அன்றிரவு நான்தான் தைலம் தேய்த்துவிட்டேன். அது படத்தில் வராது.

இவருடைய அப்பா மலைமேல் ஒரு தேயிலைத் தோட்டத்தில் எழுத்தர். அங்கே ஒரு சரிவில் துரைமார் காலத்துச் சின்ன கோல்ஃப் மைதானம் இருந்தது. மற்றப் பிள்ளைகள் கிட்டிப்புள் ஆடிய வயதில் இவர் அங்கே ஆடினார். பிறகு குடும்பம் கீழே இறங்கிப் பாளையங்கோட்டைக்கு வந்தது. ஆட்டம் மட்டும் இறங்கவில்லை.

நான் பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் வேதியியல் நடத்துகிறவள். இந்தக் கதையில் மூன்றாவது ஆள் என் அப்பா நமசிவாயம். வருவாய்த் துறையில் இருந்து ஓய்வு பெற்று, ஸ்ரீவைகுண்டத்தில் வாழைத் தோட்டமும் வாய்ப்பேச்சுமாக வாழ்கிறவர்.

ஏழு தட்டு

பெண் பார்க்க வந்த நாளைச் சொல்லாமல் அப்பாவைச் சொல்ல முடியாது.

"தம்பி என்ன செய்யுதீய?" என்றார் அப்பா.

"கோல்ஃப் விளையாடுதேன் மாமா."

"அது சரி. வேலைக்கு?"

"அதான் வேலை."

அப்பா தரகரைப் பார்த்தார். தரகர் விசிறியைப் பார்த்தார்.

"அப்பம் லீவு நாள்ல என்ன செய்வீய?"

"அன்னைக்கும் விளையாடுவேன் மாமா."

உள்ளே கதவோரம் நின்ற எனக்குச் சிரிப்பு பீறிட்டுக்கொண்டு வந்தது. இத்தனை பேர் நடுவில் பொய் சொல்லத் தெரியாத ஓர் ஆள். அங்கேயே தீர்மானித்துவிட்டேன். அப்பாவுக்கோ முகம் கடுகடுவென்று ஆகிவிட்டது.

ஆனாலும் அந்தக் கடுகடுப்போடேயே அவர் ஒரு காரியம் செய்தார். மாப்பிள்ளை வீட்டார் ஆறு தட்டு கொண்டு வந்திருந்தார்கள். மலையில் இருந்தவர்கள், யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது. எங்கள் பக்கம் நல்ல காரியத்துக்கு எதுவும் இரட்டைப்படையில் வைக்க மாட்டோம். மொய் எழுதினாலும் ஒரு ரூபாய் கூட வைத்துத்தான் எழுதுவோம். இரட்டைப்படை என்றால் அதோடு முடிந்தது, ஒற்றைப்படை என்றால் இன்னும் வரும் என்று ஒரு நம்பிக்கை.

அப்பா அடுக்களைக்குள் வந்தார். எங்கள் தோட்டத்துக் கதலிச் சீப்பு ஒன்றை எடுத்து எங்கள் வீட்டுத் தட்டிலேயே வைத்தார். யாரும் பார்க்காத நேரத்தில் அவர்கள் தட்டுகளின் ஓரத்தில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டார்.

"இந்தச் சம்பந்தம் வேண்டாம்னுதான நினைக்கிய?" என்று அம்மா காதோடு கேட்டாள்.

"வேண்டாம்தான். அதுக்காவ அவங்க தட்டு எரட்டையா கெடக்கலாமா?" என்றார் அப்பா.

என் அப்பாவின் மொத்தக் குணமும் இவ்வளவுதான். வேண்டாம் என்பார், ஆனால் ஒன்று குறையாமல் பார்த்துக்கொள்வார்.

ஆற்று மணல்

கல்யாணம் நடந்தது. போட்டிகளுக்கு நடுவே ஊரில் இருக்கும்போது ஆடிப் பழக இவருக்கு இடம் இல்லை. கோல்ஃப் என்றால் எங்கள் சுற்று வட்டாரத்தில் யாருக்கும் ஒன்றும் தெரியாது. அப்போதுதான் ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டுக்குக் கீழே, கோடையில் தாமிரபரணி ஒரு ஓரமாக ஒதுங்கிக்கொண்டு மிச்சத்தை மணலாக விட்டுவைத்திருப்பதைப் பார்த்தார்.

கோல்ஃப் மைதானத்தில் ஆட்டக்காரரைத் தொந்தரவு செய்வதற்கென்றே மணல்பள்ளங்கள் வெட்டி வைத்திருப்பார்கள். பந்து அதற்குள் விழுந்தால் பலருக்கு உயிர் போய்விடும். இவருக்கு அரை மைல் நீளத்துக்கு ஒரு மணல்பள்ளம் இலவசமாகக் கிடைத்தது.

மலையில் யாரோ கழித்துப் போட்ட ஒரு பழைய இரும்பு மட்டையை எடுத்து, பிடிக்கு சைக்கிள் டியூப் சுற்றிக்கொண்டார். அப்பா அதை மட்டை என்று சொல்ல மாட்டார். கம்பு என்பார். நாங்கள் அப்பா வீட்டில் தங்கும் நாட்களில், காலையில் கம்போடு ஆற்றுக்குள் இறங்கினால் இட்லி ஆறின பிறகுதான் வருவார். குளிக்க வந்தவர்கள் கரையில் நின்று வேடிக்கை பார்ப்பார்கள்.

"யாரு வே அது, மணல வெட்டிக்கிட்டு நிக்காரு?"

"நம்ம நமசிவாயம் அண்ணாச்சி மருமவன்லா."

"அடப் பாவமே. அண்ணாச்சி நல்ல மனுசன்."

அடித்த பந்து சில நேரம் கரையேறி அப்பாவின் தோட்டத்துக்குள் போய்விடும். ஒருமுறை தார் வெட்டும்போது சீப்புக்கு நடுவில் ஒரு பந்து உட்கார்ந்திருந்தது. "மாப்ள, இந்த வருசம் வாழை முட்டையும் போட்டிருக்கு" என்று கொண்டுவந்து நீட்டினார் அப்பா. ஊர் முழுக்க இதைச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். ஆனால் தோட்டத்தில் கிடைத்த பந்துகளை எல்லாம் கழுவி ஒரு பித்தளைச் செம்பில் போட்டு, சாயங்காலம் மாப்பிள்ளை கண்ணில் படுகிற மாதிரி வாசல்படியில் வைத்துவிடுவார்.

அந்த மணலில் இவர் கற்றதை எனக்கும் சொல்லுவார். காய்ந்த மணல் ஒரு மாதிரி, அணையில் மடை திறந்துவிட்ட மறுநாள் மணல் வேறு மாதிரி. மேலே சுட்டாலும் உள்ளே ஈரம் இறுகி இருக்கும். அதில் மட்டை ஆழமாக இறங்காது, எகிறும். அதற்குத் தகுந்தபடி அடிக்க வேண்டும். நான் தலையாட்டிக்கொண்டே விடைத்தாள் திருத்துவேன்.

டிராக்டர் நாற்காலி

வருஷங்கள் போயின. நல்ல ஆட்டக்காரர் என்று பெயர் வந்தது. கோப்பை மட்டும் வரவில்லை. இரண்டாம் இடம், நான்காம் இடம், ஒருமுறை முதல் இடம் கைக்கு வந்து கடைசிக் குழியில் போனது. சொந்தக்காரர் கல்யாணங்களில் "இன்னும் அதே விளையாட்டுத்தானா?" என்று கேட்பவர்களுக்குச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்தது. எனக்குக் கோபம் வரும். இவருக்கு வராது. அது எனக்கு இன்னும் கோபத்தைக் கொடுக்கும்.

அப்பாவுக்கு ஒரு சித்தப்பா மகன். வண்ணார்பேட்டையில் டிராக்டர் விற்கிறார். அங்கே மேனேஜர் நாற்காலி காலியாக இருந்தது. ஆனி மாதக் கடைசியில் அப்பா இவரை உட்காரவைத்துப் பேசினார்.

"மாப்ள, தப்பா நினைக்காதீய. ஆடி வரைக்கும் ஆடுங்க. வந்துச்சுன்னா சந்தோசம். வரலேன்னா ஆவணி ஒண்ணாந் தேதி போயி அந்த நாற்காலில உக்காந்திருங்க. பொம்பளப் பிள்ள சம்பளத்துல நீங்க எத்தன நாளைக்கு..." என்று நிறுத்திக்கொண்டார்.

இவர் யோசித்துவிட்டு, "சரி மாமா" என்றார்.

சும்மா சொன்னதில்லை. பொய் சொல்லத் தெரியாத ஆள் என்று முன்னமே சொன்னேனே. ஆடியில் பெங்களூரில் ஒரே ஒரு போட்டி பாக்கி இருந்தது. அதில் ஜெயித்தால் பெரிய சுற்றில் வருஷக்கணக்கில் ஆட இடம். தோற்றால் டிராக்டர். அந்த வாரம் முழுவதும் இவர் டிராக்டர் விளம்பரத் தாள் ஒன்றைக் கையில் வைத்துப் படித்துக்கொண்டிருந்ததைப் பார்த்தேன். எனக்கு அழுகை வந்தது.

தேவசகாயத்தின் வயிறு

பெங்களூரில் முதல் மூன்று நாளும் இவர் ஆடியதை நான் என்ன சொல்ல! மூன்று அடி முன்னிலை. பேப்பரில் சின்னதாகப் பெயர் வந்தது. ஸ்ரீவைகுண்டத்துச் சலூனில் அதைப் படித்த அப்பா, யாருக்கும் சொல்லாமல் பஸ் ஏறிவிட்டார். கடைசி நாள் காலையில் எங்கள் லாட்ஜ் வாசலில் ஒரு மஞ்சப்பை, ஒரு குடை, செய்தித்தாள் சுற்றிய நீளமான ஏதோ ஒன்றோடு வந்து நின்றார்.

"சும்மா பாத்துட்டுப் போலாம்னு வந்தேன்" என்றார்.

அதே காலையில்தான் தேவசகாயம் படுத்துவிட்டார். இவருக்குப் பை தூக்குகிற பாளையங்கோட்டைக்காரர், நண்பரும்கூட. பை தூக்குபவரைக் கோல்ஃபில் கேடி என்பார்கள். அந்த வேலை சொல்லித் தேவசகாயம் அறிமுகமானபோது, என் அம்மா வீட்டில் வெள்ளிச் சாமானை எடுத்து உள்ளே வைத்தாள். முந்தின ராத்திரி சாப்பிட்ட பிரியாணி அவரை எழவிடவில்லை.

"அக்கா, நீங்கதான் தூக்கணும். வேற யாரு தூக்குனாலும் அவருக்குக் கை ஓடாது" என்றார் தேவசகாயம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு.

வேடிக்கை பார்க்க லீவு போட்டு வந்தவள் நான். அவருடைய கட்டிலருகே நின்று பாடம் கேட்டேன். அவர் ஆடும்போது அசையாதே, நிழலை அவர் பந்து மேல் விடாதே, கேட்டால் ஒழியப் பேசாதே. கடைசிப் பாடம் எனக்காகவே சொன்னது போலிருந்தது. மட்டைகளை எண்ணு என்று அவர் சொல்லவில்லை. முந்தின நாள் சாயங்காலம் அவரே எண்ணி வைத்துவிட்டார்.

நான் மாடியில் பாடம் கேட்ட நேரம், இவர் குளித்துக்கொண்டிருந்த நேரம், பை கீழே வரவேற்பறையில் இருந்தது. காவலுக்கு அப்பா. அவர் மடியில் விபூதிப் பை. மிச்சத்தை நீங்களே ஊகித்திருப்பீர்கள்.

நான்கு அடி

இப்போது மூன்றாவது குழிக்கு வருவோம்.

பதினைந்து என்று எண்ணி முடித்ததும் எனக்கு முதலில் வந்தது ஆத்திரம். அந்தத் துருப்பிடித்த கம்பை எனக்குத் தெரியும். ஸ்ரீவைகுண்டம் வீட்டில் கதவுக்குப் பின்னால் கிடந்தது. அதை இங்கே கொண்டுவர ஒரே ஒரு ஆளால்தான் முடியும். மருமகனை டிராக்டர் நாற்காலியில் உட்காரவைக்க இப்படி ஒரு வழியா?

திரும்பிப் பார்த்தேன். கயிற்றுக்கு அந்தப் பக்கம், ஒரு மரத்தடியில், குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு அப்பா நின்றார். நான் பார்த்ததும் அவருக்கு முகமெல்லாம் மலர்ந்தது. பையைக் காட்டினார். ஒரு விரலை உயர்த்தினார். பிறகு இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கி ஒரு கும்பிடு போட்டார்.

அந்த ஒரு விரலைப் பார்த்ததும் எனக்கு ஏழாவது தட்டு ஞாபகம் வந்தது. பதினாலு இரட்டைப்படை. அவ்வளவுதான் விஷயம்.

இவரும் பார்த்துவிட்டார். மட்டையின் நெற்றியில் இருந்த விபூதியை ஒருமுறை, மரத்தடியை ஒருமுறை.

"மாமாட்ட ஒண்ணும் சொல்லாத" என்றார். அப்புறம் கையை உயர்த்தி நடுவரைக் கூப்பிட்டார்.

நடுவர் நல்ல மனிதர். வருத்தத்தோடுதான் சொன்னார். இரண்டு குழி, குழிக்கு இரண்டு, ஆக நான்கு அடி. இனி அந்த மட்டையைத் தொட்டு ஆடக்கூடாது. மூன்று அடி முன்னால் நின்றவர், ஒரு பந்துகூட அடிக்காமல் ஓர் அடி பின்னால் போய்விட்டார். கூட ஆடி, இப்போது முதலிடத்துக்கு வந்துவிட்ட டெல்லிக்காரர் வந்து இவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்.

அந்தக் கம்பைத் தூக்கி எறிய என் கை பரபரத்தது. "தலைகீழா வை. நம்ம கூடவே வரட்டும்" என்றார் இவர். வைத்தேன்.

கயிற்றோரம் நடந்தபோது அப்பா கூடவே வந்தார்.

"என்னட்டி, அந்த மனுசன் என்ன சொல்லுதாரு?"

"நல்லா ஆடுதாருன்னு சொல்லுதாருப்பா."

"அத இவரு வந்து சொல்லணுமாக்கும்." இரண்டு எட்டு வைத்துவிட்டு மறுபடியும், "கம்ப ஏன் தலைகீழா வச்சிருக்க?"

"அப்பத்தான் ராசி நிக்குமாம்."

"அப்பம் சரி" என்று குடையை மாற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டார். என் வாழ்க்கையில் அப்பாவிடம் அவ்வளவு சரளமாகப் பொய் சொன்னது அன்றுதான்.

பைய ஆடுதேன்

அதற்குப் பிறகு நடந்ததை எந்தப் பேப்பரும் சரியாக எழுதவில்லை. கூடவே நடந்தவள் நான்.

முதல் இரண்டு குழிகளில் இவர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஆடினார். தோள் இறுகிக் கிடந்தது. மூன்றாவதிலிருந்து வேறு ஆள். நடக்கும்போது கையை வீசிக்கொண்டு நடந்தார். மஞ்சப்பையிலிருந்து அப்பா கயிற்றுக்கு மேலாக நீட்டிய முறுக்கை வாங்கிக் கடித்தார். "நான் பைய ஆடுதேன் சங்கரி, நீ ஓடாத" என்று என்னைக் கேலி செய்தார். பயம் என்கிற சனியன் அந்த நான்கு அடியோடு இறங்கிப் போய்விட்டது.

ஐந்தாவது குழியில் எட்டத்திலிருந்து உருட்டிய பந்து வளைந்து நெளிந்து போய் உள்ளே விழுந்தது. சமம். பிறகு ஒரு குழியில் டெல்லிக்காரர் முந்தினார். அடுத்ததிலேயே இவர் பிடித்தார். அந்த மனிதரும் லேசுப்பட்டவர் இல்லை. சளைக்காமல் ஆடினார். கூட்டம் சேர்ந்துகொண்டே வந்தது. தமிழ்க் குரல்கள் நாலைந்து கேட்டன. கடைசிக்கு முந்தின குழியில் இவர் அடித்த ஓர் அடிக்குக் கைதட்டல் எழுந்தபோது எனக்குத் தோள் வலி மறந்துபோனது. ஓர் அடி முன்னிலை.

கடைசிக் குழி. டெல்லிக்காரர் தப்பில்லாமல் ஆடி முடிக்கிற இடத்தில் இருந்தார். இவர் இரண்டாவது அடி. பந்து உயர்ந்து போனது, காற்றில் கொஞ்சம் ஒதுங்கியது, குழிக்கு முன்னால் இருந்த மணல்பள்ளத்தில் பொத்தென்று விழுந்தது.

கூட்டம் "ச்சோ" என்றது. நான் கண்ணை மூடிக்கொண்டேன். மூடக்கூடாது என்று தேவசகாயம் சொல்லவில்லை.

பள்ளத்தருகே போனோம். மேல்மணல் வெயிலுக்குக் காய்ந்து வெளுத்திருந்தது. இவர் உள்ளே இறங்கி, நிற்பதற்காகக் காலை இப்படியும் அப்படியும் அழுத்தினார். ஷூ கொஞ்சம்தான் இறங்கியது. நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவர் முகத்தில் ஒரு சிரிப்பு பரவியது. கல்யாணப் படத்தில்கூட அந்தச் சிரிப்பு இல்லை.

"சங்கரி, மடை தொறந்த மறுநாள் மணல்" என்றார்.

ஆற்றில் அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்த கம்பு பையில் தலைகீழாக நின்றது. அதைத் தொடக்கூடாது. அவர் கேட்ட புது மட்டையை எடுத்து நீட்டினேன்.

அடித்தார். மணல் எழும்பி என் முகத்தில் வந்து விழுந்தது. பல்லில் நறநறத்தது. பந்து அதற்கு மேலே வெள்ளையாக ஏறி, இறங்கி, ஒரு தடவை குதித்து, அவசரமே இல்லாமல் உருண்டு, குழிக்கு ஒரு சாண் தூரத்தில் நின்றது.

அந்த ஒரு சாணையும் தட்டி முடித்தார். ஜெயித்தாயிற்று.

நான் பையைக் கீழே போட்டேன். ஓவென்று அழுதேன். என்னைத் தாண்டிக்கொண்டு யாரோ ஓடினார்கள். பார்த்தால் அப்பா. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, குடையைக் கொடிபோலத் தூக்கிக்கொண்டு, தடுக்க வந்த காவலாளியிடம் "எம் மருமவன் வே, எம் மருமவன்" என்று தமிழில் கத்திக்கொண்டே ஓடினார்.

உதவுச்சா மாப்ள?

மூச்சு வாங்கியது அடங்கியதும் அவர் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

"நான் வச்சது உதவுச்சா மாப்ள?"

பொய் சொல்லத் தெரியாத ஆளிடம் கேட்கிற கேள்வியா இது?

இவர் அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "உதவுச்சு மாமா. அது இல்லேன்னா இன்னைக்கு இப்படி ஆடியிருக்க மாட்டேன்."

அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை.

லாட்ஜுக்கு வந்ததும் அப்பா முதல் காரியமாக வண்ணார்பேட்டைக்குப் போன் போட்டார். "ஏலே, அந்த நாற்காலிக்கு வேற ஆளு பாத்துக்க. நம்ம மாப்பிள்ளைக்கு நேரம் கெடையாது" என்றார். என்னமோ அவர்கள் கெஞ்சிக்கொண்டிருந்தது மாதிரி.

அந்தக் கம்பை இனி எல்லாப் போட்டிக்கும் எடுத்துப் போகச் சொல்வாரே என்று எனக்குப் பயம். இவர் முந்திக்கொண்டார். "இது வீட்ல இருக்கட்டும் மாமா. ராசி வீட்ல தங்கும்" என்றார். ஸ்ரீவைகுண்டம் வீட்டில், நடுக்கூடத்தில், சாமி படங்களுக்குப் பக்கத்தில் இரண்டு ஆணி அடித்து மாட்டினார்கள். வெள்ளிக்கிழமைதோறும் சந்தனம். ஆனானப்பட்ட பெரிய மனிதர்கள் எல்லாம் வந்து பார்த்தார்கள். "அன்னைக்கு இத நான் உள்ள வைக்கலேன்னா..." என்று அப்பா ஆரம்பிப்பார். நாங்கள் இருவரும் காபியைக் குடித்துக்கொண்டு தலையாட்டுவோம்.

அதற்குப் பிறகு வந்த கோப்பைகளை இந்தத் தொடரில் ஏற்கெனவே எழுதிவிட்டேன். இவர் பேர் சொல்லிப் பந்தடிக்க இன்று ஆற்றங்கரையில் ஒரு திடல் இருக்கிறது. அப்பா தன் வாழைத் தோட்டத்தில் பாதியை அதற்குக் கொடுத்தார். சாயங்காலமானால் பாளையங்கோட்டைக் கல்லூரிப் பெண்கள் டவுன் பஸ்ஸில் வந்து இறங்கி, மணலில் நின்று விளாசுகிறார்கள். குளிக்க வருகிறவர்கள் இப்போது "பாவமே" என்பதில்லை. "இன்னும் கொஞ்சம் மணல சேத்து எடும்மா" என்று யோசனை சொல்கிறார்கள். ஊரே நடுவர் ஆகிவிட்டது.

இந்த ஆவணி

இவருக்கு ஐம்பது தாண்டிவிட்டது. மூத்த ஆட்டக்காரர்களுக்கான முதல் போட்டிக்கு இந்த ஆவணியில் கிளம்பினார். தேவசகாயத்துக்கு முழங்கால் வலி. மறுபடியும் பை என் தோளில்.

போகிற வழியில் ஸ்ரீவைகுண்டத்தில் இறங்கினோம். அப்பா போன மழைக்காலத்தில் வழுக்கி விழுந்து எழுந்தவர். முன்போல நடமாட்டம் இல்லை. நாள் முழுக்க டிவிக்கு முன்னால் சாய்வு நாற்காலி. அவரைக் கொஞ்சம் சந்தோஷப்படுத்தலாம் என்று இவருக்குத் தோன்றியது. சுவரிலிருந்து அந்தக் கம்பைக் கழற்றிக் கொண்டுவந்தார். ரயில் ஏறும் முன்பு எடுத்து யாரிடமாவது கொடுத்துவிடலாம் என்று எனக்குக் கண்ணைக் காட்டினார்.

"மாமா, அன்னைக்கு மாதிரி உங்க கையால இத உள்ள வைங்க."

அப்பா கம்பை வாங்கவில்லை. பையைப் பக்கத்தில் இழுக்கச் சொன்னார். மட்டைகளின் தலையை ஒவ்வொன்றாகத் தொட்டார். உதடு முணுமுணுத்தது. கடைசி மட்டையில் கை நின்றது.

"பதினாலு இருக்கு. போதும் மாப்ள. மேல ஒண்ணு வச்சா குழிக்கு ரெண்டு அடி அபராதம்லா?"

இவர் கையில் கம்போடு அப்படியே நின்றார்.

"எப்பம்பா தெரியும்?" என்றேன்.

"டிவில எத்தன வருசமா பாக்கேன். நான் என்ன மடையனா?" என்றார். பிறகு என்னைப் பார்க்காமல் மருமகனைப் பார்த்தார். "நாலு அடி உங்க தலைல கட்டுனேன். அதையும் தூக்கிட்டு ஜெயிச்சு வந்து, உதவுச்சு மாமான்னு சொன்னீயளே. தெரிஞ்ச அன்னைக்கு ராத்திரி எனக்குச் சோறு எறங்கல. சொல்லிருவோம்னு நினைப்பேன். நீங்க ரெண்டு பேரும் காப்பியக் குடிச்சிக்கிட்டு அப்படித் தலையாட்டுவீய. அதக் கெடுக்க மனசு வரல."

இவர் கீழே உட்கார்ந்துவிட்டார். அப்பாவின் முழங்கால் மேல் தலையை வைத்துக்கொண்டார். மாமனாரும் மருமகனும் அப்படி இருந்து நான் பார்த்ததில்லை. அழுகையும் சிரிப்புமாக எனக்கு மூக்கு ஒழுகியது.

அப்பா செருமினார். "ரயிலுக்கு நேரமாவுது, எந்திரிங்க" என்றார். இவர் எழுந்ததும், அப்பா பக்கத்து முக்காலியில் இருந்த சீப்பிலிருந்து ஒரு கதலிப் பழத்தைப் பிய்த்தார். பையின் பக்கவாட்டு ஜிப்பைத் திறந்து அதை உள்ளே வைத்தார்.

"இதுக்கு அபராதம் உண்டுமா மாப்ள?"

"கெடையாது மாமா."

"அப்பம் பதினஞ்சு ஆச்சு. கெளம்புங்க" என்றார்.